எம்பி3-ஐ வேவ் ஆக்கினால் தரம் திரும்ப வராது

கேம் சவுண்ட் டிசைனில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவருக்குத் தரப்பட்ட பதிலில், எம்பி3 ஒலிகளை 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) வேவ் கோப்பாக (சுருக்காத ஒலிக்கோப்பு) மாற்றிவிட்டால் இழந்த தரம் திரும்ப வந்துவிடும் என்று இருக்கிறது. அது சரியில்லைங்க. எம்பி3 ஆக்கும்போதே, காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணித்த பகுதிகள் தூக்கப்பட்டுவிடும். அப்புறம் வேவ் ஆக்கினால் கோப்புதான் பெரிதாகும், போனது போனதுதான்.

நீங்களே பார்த்துவிடலாம், அஞ்சு நிமிட வேலை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் நல்ல ஸ்டீரியோ வேவ் பதிவு ஒன்றைத் திறந்து (கண்ணாடி உடைகிற மாதிரி கூர்மையான சத்தமாக இருந்தால் நல்லது), 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-ஆகச் சேமித்து, அதையே மறுபடி வேவ் ஆக்கி, இரண்டையும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று நிறத்தில் காட்டும் படம்) மேல் எல்லையை 20 கிலோஹெர்ட்ஸுக்கு வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். அசலில் உச்சி வரை நிறம் இருக்கும். மாற்றியதில் 16, 17 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும், அதற்கு மேலே காலி.

"அவ்வளவு மேலே யாருக்குக் கேட்கும்?" என்று தோன்றலாம். ஆனால் கேமில் ஒரே சத்தத்தைச் சுருதி மாற்றி மாற்றி ஒலிக்க விடுவோம். வேகத்தைப் பாதியாக்கி ஒரு ஆக்டேவ் (அதாவது அதிர்வெண் பாதியாக) இறக்கினாலே அந்த வெட்டு 8 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், கண்ணாடிச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும். அதனால் மூலப்பதிவையே வேவ் அல்லது ஃப்ளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) எடுங்கள்.