கங்கைகொண்ட சோழபுரத்தைக் காலம் அழிக்கவில்லை

பாழடைந்த நகரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "காலம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது" என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறார்கள். படிக்க அழகாக இருக்கும் இந்த வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யார் இடித்தார்கள், எதற்காக இடித்தார்கள், இடித்த கல் எங்கே போனது என்ற கேள்விகளை அது எழவே விடுவதில்லை. நிலையாமை என்பது உண்மைதான். ஆனால் நாம் பெருமையோடு பேசும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பொறுத்தவரை, அந்த நகரம் அழிந்த கதையில் பெரும்பகுதி மனிதர்கள் தெரிந்தே செய்த வேலை.

வங்கம் வரை சென்று வென்ற தன் படையின் நினைவாக, 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராஜேந்திரன் தஞ்சையை விட்டு இங்கே தலைநகரை அமைத்தான். 1279இல் மூன்றாம் இராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடியும் வரை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் இதுவே தலைநகரம். கடாரம் வரை கடல் கடந்து படை செலுத்திய ஓர் அரசின் தலைநகரில் இன்று நிமிர்ந்து நிற்பது கோயில் ஒன்றுதான். எஞ்சியவை ஊர்ப் பெயர்களாகச் சிதறிக் கிடக்கின்றன: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். படைக்கலமும் மெய்க்காவலரும் இருந்த இடங்களில் இப்போது முந்திரியும் கரும்பும் விளைகின்றன.

முதல் அடி பகையரசிடமிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின் மீது படையெடுத்தான். தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்ததையும், கழுதை பூட்டி உழுது கவடி (சோழி) விதைத்ததையும், கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. சோழநாட்டில் அவன் பறிக்காத தூண் இல்லை என்றும், பட்டினப்பாலை பாடிய புலவர் கண்ணனுக்குச் சோழன் அளித்த மண்டபத்தின் பதினாறு தூண்கள் மட்டும் விட்டுவைக்கப்பட்டன என்றும் திருவெள்ளறையில் ஒரு கல்வெட்டுப் பாடல் இருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த அந்த மதிப்பை நினைத்து நெகிழ்கிறவர்கள், அந்தப் பாடலின் மற்றொரு பாதி மற்றத் தூண்கள் அனைத்தும் பிடுங்கப்பட்டதைத்தான் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாண்டியனை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. சோழர்களும் இதையே செய்தார்கள். சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு அங்கிருந்து துவாரபாலகர் சிலையைக் கொண்டுவந்த முதலாம் இராஜாதிராஜன், அந்தச் செய்தியைச் சிலையின் பீடத்திலேயே வெட்டி வைத்தான். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குள் இன்றும் வழிபடப்படும் நவக்கிரகச் சிற்பம் சாளுக்கியப் பாணியில் அமைந்தது. வென்ற நாட்டிலிருந்து அது எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. இன்னொருவரின் இடிபாட்டை உண்டாக்கி எழுந்த நகரம்தான் இது. அதையும் சேர்த்துத்தான் நாம் இந்த நகரத்தை நேசிக்க வேண்டும்.

ஆனாலும் படையெடுப்பு ஒன்றே ஒரு நகரத்தை முற்றாக அழித்துவிடுவதில்லை. எரிக்கப்பட்ட தஞ்சை மீண்டும் எழுந்து நாயக்கருக்கும் மராட்டியருக்கும் தலைநகராக விளங்கியது. கங்கைகொண்ட சோழபுரம் ஏன் எழவில்லை என்பதற்கான விடை, என் பார்வையில், அதன் ஏரியில் இருக்கிறது. இராஜேந்திரன் வெட்டிய சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீரால் ஆன வெற்றித்தூண் என்று புகழ்கிறது. அதன் கரை வடக்கு தெற்காக ஏறத்தாழ 16 மைல் நீண்டது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டித்தான் அதற்கு நீர் கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் தூர்வாரவும், கரை காக்கவும், மடை திறந்து மூடவும் வலுவான ஓர் அரசு இருந்தாக வேண்டும். துறைமுகமும் ஆற்றங்கரையும் இல்லாமல் அரியணையை மட்டும் நம்பி எழுந்த ஊர் இது. அரியணை போனதும் வாய்க்காலைக் கவனிக்க ஆளில்லை. வாய்க்கால் தூர்ந்தால் ஏரி வற்றும், ஏரி வற்றினால் ஊர் கலையும். பொன்னேரி என்ற பெயரில் அதன் எச்சம் இன்றும் கிடக்கிறது.

அரண்மனை செங்கல்லால் கட்டப்பட்டது. மாளிகைமேட்டில் 1980களில் நடந்த அகழாய்விலும், 2021 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பானையோடுகளும் வெளிவந்தன. மண்ணுக்கு மேலே சுவர் இல்லாததற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகச் சுற்றுவட்டார மக்கள் அந்தச் செங்கல்லைத் தோண்டியெடுத்து வீடு கட்டிக்கொண்டதுதான். கூரை வேண்டிய ஏழை, கேட்பாரற்றுக் கிடந்த செங்கல்லை எடுத்ததை நான் குற்றமாகக் கருதவில்லை.

1836இல் நடந்ததை அப்படி எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அந்த ஆண்டு ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். வண்டல் படிந்த டெல்டாவில் கருங்கல் கிடைக்காது. வெட்டிச் செதுக்கிய கல் அருகிலேயே ஒரு கோயிலாக நின்றுகொண்டிருந்தது. கோயிலின் சுற்று மதில் இடிக்கப்பட்டது, கோபுரமும் மற்றக் கட்டடங்களும் சிதைக்கப்பட்டன, கற்கள் அணைக்குப் போயின. 1855இல் ஓர் உள்ளூர் இதழில் அச்சான குறிப்பு இதை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்திருக்கிறது. ஊர்மக்கள் தங்களால் இயன்றவரை தடுத்தார்கள், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள், கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்று அளித்த வாக்கு காப்பாற்றப்படவே இல்லை என்கிறது அந்தக் குறிப்பு. பெயர் தெரியாத அந்த ஊர்மக்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கல் தங்களுடையது என்று சொல்லி அரசை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். காலம் அழித்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, அவர்கள் பட்ட தண்டனையையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

அந்த அணை தேவையற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழணையிலிருந்து பிரியும் வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் இன்றும் பெரும் பரப்புக்குப் பாசனம் தருகின்றன. அங்கிருந்தே பிரியும் வடவாறு, முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரிக்கு நீர் சேர்க்கிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சோழர் கோயிலின் கல், சோழர் ஏரியை நிரப்பி, அதன் வழியே சென்னை மக்களின் குடத்துக்கும் வந்து சேர்கிறது. இந்தத் தொடர்ச்சி எனக்கு வியப்பைத் தருகிறது. ஆனாலும் வேறு இடத்திலிருந்து கல் கொண்டுவரச் செலவாகும் என்பதற்காகத்தான் அந்த மதில் போயிற்று என்ற வருத்தம் அதனால் குறைந்துவிடவில்லை.

கோயில் தப்பியதற்கும் மனிதர்களே காரணம். 13 அடி உயர இலிங்கத்துக்கு ஐப்பசிப் பௌர்ணமியன்று அன்னாபிஷேகம் செய்ய இன்றும் ஊர் திரள்கிறது. 2004இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கோயிலுக்கு உறுதியான காவலாகிவிட்டது. அந்தக் காவல் நகரத்துக்கு இன்னும் போதுமான அளவில் வரவில்லை என்பதே என் கவலை. ஏரிக்கரை, வாய்க்கால் தடங்கள், சுற்றியுள்ள மேடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் தலைநகரம். அவற்றை ஒரே வரைபடத்தில் அளந்து பதிவு செய்து, மண் அள்ளுவதற்கும் மனை பிரிப்பதற்கும் முன்பாகவே எல்லை வகுக்க வேண்டும். கீழணையில் எப்போது சீரமைப்பு வேலை நடந்தாலும், வெளியே தெரியவரும் கற்களில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். அணையின் கரையில், அதன் கற்கள் எந்தக் கோயிலிலிருந்து எந்த ஆண்டில் எடுக்கப்பட்டன என்பதையும், அதைத் தடுக்க முயன்று தண்டிக்கப்பட்ட ஊர்மக்களையும் குறிப்பிட்டு, அந்த வழியே போகும் யாரும் நின்று படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும்.