நாம் உண்ணும் கொழுப்பு எந்த வழியாகப் போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன், உணவு உண்ட மூன்று மணி நேரத்துக்குள் ஒரு பரிசோதனைக்காக இரத்தம் கொடுக்க நேர்ந்தது. இரத்த அணுக்களைப் பிரித்தபின் குழாயில் எஞ்சிய திரவத்தை ஆய்வக ஊழியர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய அது, பால் சிந்திய தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது. அருகில் இருந்தவர், "சாப்பிட்ட எண்ணெய் அப்படியே இரத்தத்தில் கலந்துவிட்டது, இனி அது குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும்" என்றார். அன்று நானும் அதை நம்பி அஞ்சினேன். பின்னர் படித்துத் தெளிந்தபோது, அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருப்பது புரிந்தது. உண்ணும் கொழுப்பு அப்படியே இரத்தத்தில் கலப்பதில்லை. கலந்தது எண்ணெய்ப் பிசுக்காகக் குழாய்ச் சுவரில் ஒட்டுவதும் இல்லை.

இந்தப் பிழைகள் நன்கு படித்தவர்களிடமும் வேரூன்றியிருப்பதற்குக் காரணம், கொழுப்பு உடலுக்குள் செல்லும் வழியை யாரும் நமக்கு முழுமையாகச் சொல்லித்தராததுதான் என்பது என் உறுதியான கருத்து. பித்தநீர் கொழுப்பைப் பால்மமாக்குகிறது, லைப்பேஸ் நொதி அதைச் செரிக்கிறது என்ற இரண்டு வரிகளோடு பள்ளிப் பாடம் நின்றுவிடுகிறது. வியப்புக்குரிய பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எல்லாச் சிக்கலுக்கும் வேர், எண்ணெயும் நீரும் சேராது என்ற எளிய உண்மை. குடலுக்குள் இருப்பதும் நீர், இரத்தத்தில் பெரும்பகுதியும் நீர். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் நீரில் கரைவதால் அவற்றின் பாதை நேரானது. உணவுக் கொழுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாக இருக்கும் டிரைகிளிசரைடு அப்படிக் கரையாது. ஒரு கிளிசரால் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த இந்தப் பொருள், இரைப்பையில் ஓரளவே உடைபட்டு, எண்ணெய்த் துளிகளாக முன்சிறுகுடலை வந்தடைகிறது. கொழுப்பு வந்திருப்பதை உணர்ந்ததும் குடற்சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் கட்டளையால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பொழிகிறது. கணையம் தன் நொதிகளை அனுப்புகிறது. இரைப்பை காலியாகும் வேகமும் குறைகிறது. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் நெடுநேரம் பசி எடுக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பித்தநீரில் உள்ள பித்த உப்புகளின் ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் கொழுப்பையும் நாடும். அவை பெரிய துளிகளை நுண்துளிகளாகச் சிதறவைத்து, லைப்பேஸ் வேலை செய்வதற்கான பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. துளியின் மேற்பரப்பை முழுக்கப் போர்த்திக்கொள்ளும் அதே பித்த உப்புகள், லைப்பேஸை அங்கே ஒட்டவிடாமல் தள்ளிவிடவும் செய்கின்றன. கணையம் அதற்கும் விடை வைத்திருக்கிறது. கோலைப்பேஸ் என்ற சிறிய புரதம் துளியின் மேல் ஊன்றி நின்று, லைப்பேஸை அங்கே பிடித்து நிறுத்துகிறது. அதன்பின் ஒவ்வொரு டிரைகிளிசரைடிலிருந்தும் இரண்டு கொழுப்பு அமிலங்கள் கழன்று, ஒரு மோனோகிளிசரைடு மீதமாகிறது. இவற்றைப் பித்த உப்புகள் மிசெல் எனப்படும், சில நானோமீட்டர் அளவே உள்ள பொதிகளாகச் சூழ்ந்து, குடற்சுவரை ஒட்டி அசையாமல் நிற்கும் நீர்ப்படலத்தைக் கடத்திவிடுகின்றன. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் இதே பொதிகளில்தான் ஏறிச் செல்கின்றன. பித்த உப்புகள் உள்ளே நுழைவதில்லை. சிறுகுடலின் கடைப்பகுதி வரை சென்று, அங்கே ஏறத்தாழ 95 சதவீதம் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பி, மீண்டும் பித்தநீராகின்றன.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இவ்வளவு பாடுபட்டு உடைத்த கொழுப்பைக் குடற்சுவரின் செல் என்ன செய்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் இரத்தத்துக்கு அனுப்புகிறது என்பார்கள். செல் அப்படிச் செய்வதில்லை. மோனோகிளிசரைடையும் கொழுப்பு அமிலங்களையும் மீண்டும் சேர்த்து, டிரைகிளிசரைடாகவே திரும்பக் கட்டுகிறது. செல்லின் வெளிச்சவ்வைக் கடப்பதற்காக மட்டும் உடைக்கப்பட்ட பொருள், கடந்த மறுகணமே பழைய வடிவம் பெறுகிறது. பின்னர் அந்தக் கொழுப்பை நடுவில் வைத்து, சிறிதளவு கொலஸ்டிராலையும் சேர்த்து, வெளியே பாஸ்போலிப்பிடுகளாலான மெல்லிய உறையைப் போர்த்தி, அப்போபுரதம் பி-48 என்ற நீண்ட புரதத்தை அதன் மேல் சுற்றி, கைலோமைக்ரான் என்ற துகளை உருவாக்குகிறது. எண்ணெயை நீரின் வழியே சிந்தாமல் கொண்டுசெல்ல உடல் கட்டும் கலம் இது. இந்தக் கலத்தைக் கட்டத் தேவையான புரதம் பிறவியிலேயே செயல்படாத அரிய நோய் கொண்டவர்களுக்கு, உறிஞ்சிய கொழுப்பு குடற்செல்லுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் கிடைக்காமல் நரம்புகளும் பார்வையும் பாதிக்கப்படுகின்றன. செரிமானம் சரியாக நடந்தும், ஏற்றிச் செல்ல வாகனம் இல்லாததால் வரும் துன்பம் அது.

கைலோமைக்ரான்கள் குடலின் இரத்த நுண்குழாய்ச் சுவரில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. ஆகவே அவை குடலுறிஞ்சிகளின் நடுவே உள்ள நிணநீர்க் குழல்களில் இறங்குகின்றன. இத்தாலிய உடற்கூறியலாளர் காஸ்பாரே அசெல்லி 1622-ஆம் ஆண்டு, சற்று முன்பு உணவுண்ட ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் படர்ந்திருக்கக் கண்டார். முதலில் நரம்புகள் என்று எண்ணிய அவர், ஒன்றைக் கீறியபோது பால் போன்ற திரவம் வழிந்தது. உணவுண்ணாத விலங்கில் தேடியபோது அவை தென்படவில்லை. அவை கல்லீரலுக்குச் செல்வதாகவே அவர் கருதினார். அவ்வாறன்று, அந்த வெண்திரவம் மார்புக் குழாய் வழியே மேலேறிக் கழுத்தருகே உள்ள சிரைகளில் சேர்கிறது என்பதை 1651-இல் பிரான்சின் ழான் பெக்கே வெளியிட்டார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளோது பெர்னார் முயல்களில் இதே வெண்மையைப் பின்தொடர்ந்தார். முயலுக்குக் கணையக் குழாய், பித்தக் குழாய்க்கு வெகு கீழே குடலில் திறக்கிறது. கணையக் குழாயின் வாய்க்குக் கீழேதான் நிணநீர்க் குழல்கள் வெளுத்திருந்தன என்பதிலிருந்து, கொழுப்புச் செரிமானத்தில் கணையநீரின் இடத்தை அவர் நிறுவினார். ஆய்வகக் குழாயில் நான் கண்ட கலங்கலும் அசெல்லி கண்ட வெண்மையும் ஒன்றே. பாலில் உள்ள கொழுப்புத் துகள்களைப் போலவே கைலோமைக்ரான்களும் ஒளியைச் சிதறடிக்கின்றன.

நீரில் கரையும் உணவுப் பொருள்களெல்லாம் வாயிற்சிரை வழியே முதலில் கல்லீரலுக்குச் செல்ல, இந்தக் கொழுப்பு மட்டும் அதைத் தவிர்த்து, இடப்பக்கக் காரை எலும்பின் கீழ்ப் பகுதியில் இரத்தத்தில் சேர்ந்து, இதயம் வழியாக உடலெங்கும் செல்கிறது. நீளம் குறைந்த கொழுப்பு அமிலங்கள் மட்டும் விதிவிலக்கு. அவை நேரே கல்லீரலை அடைகின்றன. தசை, இதயம், கொழுப்புத் திசு ஆகியவற்றின் நுண்குழாய்களின் உட்சுவரில் காத்திருக்கும் லிப்போபுரத லைப்பேஸ், கைலோமைக்ரானிலிருந்து கொழுப்பு அமிலங்களைக் கழற்றி அந்தந்தத் திசுவுக்குக் கொடுக்கிறது. உணவுக்குப் பின் இன்சுலின் உயரும்போது இந்த நொதி கொழுப்புத் திசுவில் வலுக்கிறது. பட்டினியில் தசையில் வலுக்கிறது. சரக்கை இறக்கிச் சுருங்கிய எச்சத்தைக் கல்லீரல் வாங்கிக்கொள்கிறது. உடல்நலம் உள்ளவருக்குச் சில மணி நேரத்தில் இரத்தம் மீண்டும் தெளிவதற்குக் காரணம் இதுதான்.

கொழுப்பால் தீங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தீங்கு நேரும் விதம் நாம் நினைப்பது அல்ல என்கிறேன். கல்லீரலும் தன் பங்குக்குக் கொழுப்பைப் பொதிந்து அனுப்புகிறது. அந்தத் துகள் சரக்கை இறக்கியபின் எஞ்சுவதே எல்டிஎல். அது கொலஸ்டிராலின் ஒரு வகை அல்ல. கொலஸ்டிராலை ஏற்றிச் செல்லும் வண்டி. கெட்ட கொலஸ்டிரால், நல்ல கொலஸ்டிரால் என்ற பெயர்கள் வண்டியையும் சரக்கையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றன என்பதால், அவற்றைக் கைவிட வேண்டும் என்றே சொல்வேன். எல்டிஎல்லைச் செல்கள் எவ்வாறு பிடித்து உள்ளிழுக்கின்றன என்ற வழியைக் கண்டறிந்ததன் பயனாகவே அமெரிக்க ஆய்வாளர்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பிடிப்பு குறைந்து, எல்டிஎல்லும் எச்சத் துகள்களும் இரத்தத்தில் நெடுங்காலம் மிகுதியாகச் சுற்றும்போது, அவை தமனிச் சுவரின் உள்ளே புகுந்து சிக்கி, அழற்சியை மூட்டுகின்றன. சுவருக்குள் பல ஆண்டுகளாக வளரும் காயம் அது. கழிவுநீர்க் குழாயில் படியும் பிசுக்கு அன்று. அதனால்தான் வெந்நீர் குடித்தால் அடைப்பு கரையும் என்பது போன்ற அறிவுரைகளைக் கேட்கும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. உரிய மருத்துவத்தை நாட வேண்டியவர்கள், தவறான ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள்.

பாடநூல்களில் செரிமான மண்டலத்தின் படம் வாயில் தொடங்கிக் குடலோடு முடிகிறது. சிறுகுடலிலிருந்து புறப்பட்டு, மார்பின் வழியே ஏறி, கழுத்தின் இடப்பக்கம் சென்று சேரும் ஒரே ஒரு வெண்கோட்டை அதில் கூடுதலாக வரைய வேண்டும் என்று பாடநூல் எழுதுவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.