‘சின்ன வேலைதான் சார்!’

சின்ன வேலை என்றால் அந்த கியர் பாக்ஸை நீயே சரிசெய்துவிட்டு விற்க வேண்டியதுதானே? மூன்று வாரமாக இந்த ஒரே கேள்வியை மனதுக்குள் கத்திக்கொண்டிருக்கிறேன். நேரில் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டபோது அந்தப் பழைய கார் தரகர் சிரித்தார். “ஆசைப்பட்டு வாங்குகிறவர் பக்கத்தில் நின்று செய்துகொண்டால்தான் சார் திருப்தி” என்றார். திருப்தியாம்!

கார் 2006ஆம் ஆண்டு மிட்சுபிஷி லேன்சர் சீடியா. இந்தியாவில் அது விற்பனைக்கு வந்த முதல் வருடத்து வண்டி. 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன், பின்பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். இன்றைக்கு 115 என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேசிய ராலிப் போட்டிகளில் வருடக்கணக்காகப் புழுதி கிளப்பிய கார் இது. அதுவும் நம் திருவள்ளூர் தொழிற்சாலையில் பிறந்தது. கல்லூரி நாட்களில் சிவப்பு சீடியா ஒன்று சிக்னலில் நின்றால், பச்சை விழுந்து அது போய் மறையும்வரை சாலையைக் கடக்காமல் நின்றவன் நான். இதையெல்லாம் தரகரிடமே உளறித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவர் விலையில் ஆயிரம் ரூபாய்கூடக் குறைப்பாரா?

காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருக்கும் அந்த முதல் சில நிமிடங்களில் தேய்ந்த கியர் பாக்ஸால் நடிக்க முடியாது. பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. “இப்போதுதான் சார் டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்தேன்” என்றார். முன் டயர் இரண்டும் சப்பையாக இருந்தன.

முதலில் அவர்தான் ஓட்டிக் காட்டினார். நான் சாலையைப் பார்க்கவில்லை, அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கியர், அடுத்து நேராக மூன்றாவது. மறுபடி நின்று கிளம்பினார், முதலாவது, மூன்றாவது. வண்டி உதறிக்கொண்டு இழுத்தது. இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு நான் உட்கார்ந்து இரண்டாவதைப் போட்டேன். கர்ர்ர்ரென்று ஒரு சத்தம், என் பல்லெல்லாம் கூசியது. மூன்றாவதில் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலில் விழுந்தது.

“கையை அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள் சார், வராது.”

இரண்டாவதுக்கும் யோசனை வைத்திருந்தார். கிளட்சை இரண்டு தடவை மிதித்துப் போட்டால் சத்தமே வராதாம், அந்தக் காலத்து லாரி ஓட்டுநர்கள் எல்லாம் அப்படித்தான் ஓட்டினார்களாம். ஐயா, நான் லாரி வாங்க வரவில்லை! மூன்றேகால் லட்சம் கேட்கிறீர்கள்!

மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருடமாக கியர் பாக்ஸோடு மல்லுக்கட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். காருக்கு அடியில் படுத்து, எண்ணெய் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து வெயிலில் காட்டினார். கறுத்த எண்ணெயில் பொன்னாக மினுமினுப்பு. “ரிங் எங்கேயும் போகவில்லை தம்பி, எல்லாம் இதில்தான் இருக்கிறது” என்றார்.

அந்தப் பித்தளை வளையம்தான் சிங்க்ரோ ரிங். கியர் விழுவதற்கு முன் சுற்றுகிற இரண்டு பாகங்களையும் உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அது தேய்ந்தால் பல்லோடு பல் மோதும். மோத மோத, கியரோடு கோத்துப் பூட்டிக்கொள்ளும் ஸ்லீவும் கியரின் பல்லும் மழுங்கும். மழுங்கினால் கியர் பிடித்து நிற்காமல் கழன்று வரும். ஆக, ரிங்கோடு போகுமா, ஸ்லீவும் கியரும் சேர்ந்து மாற்ற வேண்டுமா என்பது கியர் பெட்டியை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும். பிரிக்க வேண்டுமானால் நான் காரை வாங்கியிருக்க வேண்டும். எப்படி இருக்கிறது நியாயம்! இறக்கிவிட்டால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதற்கென்று மறுபடி இறக்கு கூலி. ஒருவர் இருபத்தைந்தாயிரம் என்றார். இன்னொருவர் தொண்ணூறு என்றார். இருவருமே காரைப் பார்க்கவில்லை.

உதிரி பாகத்துக்கு சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். “சீடியாவா?” என்று கேட்டுவிட்டு ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி. பழைய கார்களை உடைத்து விற்கும் புதுப்பேட்டையில் முழுப் பெட்டியே கிடைக்கலாம் என்றார்கள். கிடைக்கலாம். அது எந்தக் காரிலிருந்து கழற்றியது, அந்தக் காரை எதற்காக உடைத்தார்கள் என்று யாரைக் கேட்பது? தரகரோ, சீடியாவுக்கு முந்தைய பழைய லேன்சரின் பெட்டியே பொருந்தும் என்கிறார். 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அமைந்ததை இதில் மாட்டச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது?

இதற்கு மேல் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று வேறு. இருபது வருடம் ஆகிவிட்டதால் புதுப்பித்தாக வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். இருபது தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000. அதையாவது அவர் செய்து தருவாரா என்றால், அதுவும் சின்ன வேலைதானாம்.

எனக்கு ஆத்திரம் இந்த இரட்டை நாக்கின் மேல்தான். விலையைப் பேசினால் “இது கிளாசிக் சார், இனிமேல் பிறக்காது.” கியர் பாக்ஸைப் பேசினால் “இருபது வருடத்து வண்டி சார், இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.” ஏதாவது ஒன்றில் நில்லுங்களேன்!

கடைசியாக ஒன்று சொன்னேன். பெட்டியை நீங்களே செய்து கொடுங்கள், கேட்ட விலையை ஒரு ரூபாய் குறையாமல் தருகிறேன். பெங்களூரிலிருந்து ஒருவர் பணத்தோடு கிளம்பிவிட்டதாகச் சொல்லி போனை வைத்தார்.

அது நடந்து பதினொரு நாள். கார் இன்னும் அதே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது, கண்ணாடி முழுக்க வேப்பம்பூ. முன் டயர் இன்னும் இறங்கியிருக்கிறது. தினமும் பார்க்கிறேன். என் அலுவலகத்துக்குப் போகிற வழி அது இல்லை.