மிங்டபிள்யூ32 என்றால் 32 பிட் மட்டுமா?

மிங்டபிள்யூ என்பது விண்டோஸுக்கான புரோகிராம்களை உருவாக்கும் கம்பைலர் தொகுப்பு. 'பில்டு இலக்கின் (எந்த வகைக் கணினிக்காக உருவாக்குகிறோம் என்பதன்) பெயரில் மிங்டபிள்யூ32 இருந்தால் 64 பிட் டிஎல்எல் (புரோகிராம்கள் இயங்கும்போது பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி) வராது' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32 என்பதில் பிராசஸரைச் சொல்வது முதல் பகுதிதான். அது 64 பிட். கடைசியில் உள்ள 32 பழைய பெயரின் மிச்சம். இதேபோல, 64 பிட் விண்டோஸிலும் இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் பைத்தானின் சிஸ்.பிளாட்ஃபார்ம் 'வின்32' என்றே காட்டும்.

சரி, அப்புறம் ஏன் டிஎல்எல் வராமல் ஸ்டாட்டிக் லைப்ரரி (புரோகிராமுக்குள்ளேயே சேர்க்கப்படும் வகை) மட்டும் வருகிறது? பெரும்பாலும் லைப்ரரிகளை உருவாக்க உதவும் லிப்டூல் கருவியின் அமைப்புதான் காரணம். டிஎல்எல்லை லிங்க் செய்யும்போதே அதன் எல்லா சிம்பல்களும் (ஃபங்ஷன்கள், மாறிகளின் பெயர்கள்) எங்கே இருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டும். அந்த உறுதியை '-நோ-அன்டிஃபைன்ட்' என்று லிங்க் விருப்பங்களுக்கான எல்டிஃபிளாக்ஸில் கொடுக்காவிட்டால், லிப்டூல் ஸ்டாட்டிக் லைப்ரரியோடு நிறுத்திக்கொள்ளும். பில்டு அமைப்பை எழுதும் கான்ஃபிகர்.ஏசி கோப்பில், லிப்டூலை அமைக்கும் எல்டி_இனிட்டுக்கு 'வின்32-டிஎல்எல்' என்ற விருப்பமும் வேண்டும். 64 பிட்டுக்கும் அதே பெயர்தான். இலக்கின் பெயரை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.