வீட்டு அடுப்படியும் வேலைத்தலம்தான்

செட்டிநாட்டு வீடுகளில் பலகாரத் தொழிலுக்குப் பிள்ளைகள் கைகொடுப்பது குடும்பப் பழக்கம், அதைக் குழந்தை உழைப்பு என்று சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள். அப்பா இறந்த பிறகு, காரைக்குடிக் கல்யாண வீடுகளுக்கு அம்மா கைமுறுக்கும் மணகோலமும் தேன்குழலும் செய்து கொடுத்தார். எனக்கு ஒன்பது வயது. முகூர்த்த மாதங்களில் விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார். மாவு பிசைந்து, விறகுப் புகையில் கண் எரிய எரிய எண்ணெய் வடியவிட்டு, தகர டின்களில் அடுக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனால் முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுவேன். ஏழாம் வகுப்போடு நின்றேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் கல்லூரி எழுப்பிய ஊரில்தான் என் படிப்பு இப்படி நின்றது. அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அவருக்கு வேறு கை இல்லை.

2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தத் தடை விதிக்கிறது. ஆனால் பள்ளி நேரம் முடிந்தும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தருகிறது. மூன்று மணிக்கு எங்கள் அடுப்படியை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி 2010 முதல் சட்டப்படி உரிமை. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அந்த உரிமை வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது.

பலகாரம் சொல்லும் வீட்டாரே, நாலு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். கூலிக்கு ஆள் வைக்கும் அளவுக்கு விலை கொடுங்கள். பள்ளி நேரத்தில் அடுப்பருகே ஒரு பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.