140 கோடிப் பேர் என்பது கார்ச் சந்தையின் அளவு அல்ல

இந்தியக் கார்ச் சந்தையைப் பற்றி இங்கே சிங்கப்பூரில் எந்தக் குழுவில் பேச்சு எழுந்தாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "140 கோடிப் பேர் இருக்காங்க, கையில காசு பெருகுது, விற்பனை எகிறத்தான் செய்யும்." இதை நம்பிப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனங்கள் ஒன்றிரண்டல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் அங்கே உள்நாட்டு விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் கிளம்புவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் அடுத்த ஆண்டே உற்பத்தி நின்றது.

தலைகளை எண்ணினால் சந்தை தெரியாது. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் ஏறத்தாழ 43 லட்சம். அதே ஆண்டில் விற்ற இருசக்கர வாகனங்கள் சுமார் 1.96 கோடி. ஆயிரம் பேருக்கு முப்பது சொச்சம் கார்தான். கார் வாங்கிவிடாதே என்று அரசாங்கமே விலையை ஏற்றி வைத்திருக்கும் சிங்கப்பூரில்கூட அந்தக் கணக்கு நூற்றைத் தாண்டும். ஆக, பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். பைக்கை விட்டு இறங்கி முதல் காரில் ஏற மொத்தம் எவ்வளவு ஆகிறது, அந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள்? வருமானத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் வரிச் சட்டத்துக்கும் கடன் கொடுப்பவருக்கும் அதைவிடப் பெரிய பங்கு என்பது என் கட்சி.

முதலில் வரி. அது விலையை மட்டும் தொடுவதில்லை, காரின் உருவத்தையே மாற்றுகிறது. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் என்பது நிபந்தனை. அன்று முதல் அங்கே கார் வடிவமைப்பவர் முதலில் கையிலெடுப்பது அளவுநாடாவைத்தான். டாடா இண்டிகோவின் வாலைக் குறுக்கி 2008இல் இண்டிகோ சிஎஸ் வந்தது. 2012இல் மாருதி டிசையரின் டிக்கியை வெட்டி 3995 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். பிரெஸ்ஸா, எக்கோஸ்போர்ட் என்று பெரிய வண்டித் தோற்றத்தில் வந்தவையும் 4 மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் குறைவுதான். எஞ்சினைப் பார்த்தால் 1197 சிசி, 1199 சிசி, இல்லையென்றால் ஒரு லிட்டர் டர்போ. "இந்தியக் கார் எல்லாம் ஏன் பின்னால மொட்டையா இருக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த நிபந்தனையில் இருக்கிறது. 4.2 மீட்டர் ஐரோப்பிய ஹேட்ச்பேக் ஒன்றை அப்படியே கொண்டுபோய் இறக்கினால் அது பெரிய கார் வரியில் மாட்டும். அந்த ஒரு சந்தைக்காக உடலையும் எஞ்சினையும் திருத்தினால் போட்ட முதலைத் திருப்பி எடுக்க லட்சக்கணக்கில் விற்றாக வேண்டும். மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் அந்த எண்ணிக்கை இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை.

இது இந்தியாவின் தனி வினோதமும் அல்ல. தாய்லாந்தில் பிக்கப் வண்டிக்கு வரி குறைவு, அதனால் அங்கே குடும்ப வண்டியே பிக்கப். இந்தோனேசியா 2013இல் குறைந்த விலைப் பசுமைக் கார் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெட்ரோலுக்கு 1200 சிசி வரம்பு, லிட்டருக்கு 20 கிலோமீட்டர். அதிலிருந்து பிறந்தவைதான் டொயோட்டா ஆக்யாவும் டைஹாட்சு ஆய்லாவும். நம் ஊரையும் விட்டுவிட முடியாது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கப் பத்து வருடத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழில், சிறிய கார்களுக்கான ஏ பிரிவுக்கு 1600 சிசி என்ற வரம்பு மட்டும் இருந்த காலத்தில் சொகுசுக் கார்கள் சின்ன டர்போ எஞ்சினோடு உள்ளே நுழைந்தன. 2014 பிப்ரவரியில் 97 கிலோவாட் என்ற வரம்பையும் சேர்த்தார்கள். மின்சாரக் காருக்கு அது 110 கிலோவாட் ஆனதும், பிஒய்டி தன் அட்டோ 3ஐ 100 கிலோவாட்டுக்கு இறக்கி இங்கே விற்றது. வளர்ந்த நாடு, வளரும் நாடு என்ற பேதமே இல்லை. கோடு எங்கே கிழிக்கப்படுகிறதோ அதை ஒட்டித்தான் கார் நிற்கும்.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லாக் கார்களுக்கும் 28 சதவீதம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. சிறிய பெட்ரோல் காருக்குச் செஸ் 1 சதவீதம், பெரிய எஸ்யூவிக்கு முதலில் 15, அதே ஆண்டு செப்டம்பரில் 22. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. சிறிய காருக்கு 18, பெரியதற்கு 40, மின்சாரக் காருக்குப் பழையபடி 5. வரிக்கு முன் 5 லட்சம் ரூபாய் விலையுள்ள சிறிய கார் 6.45 லட்சத்திலிருந்து 5.90 லட்சமாக இறங்குகிறது. மிச்சம் 55,000. வரிக்கு முன் 12 லட்சம் உள்ள எஸ்யூவி 18 லட்சத்திலிருந்து 16.8 லட்சமாகிறது. மிச்சம் 1.2 லட்சம். சதவீதத்தில் முதல் காருக்குத்தான் சலுகை கொஞ்சம் அதிகம், ரூபாயில் பெரிய காருக்கு. "ஏழைகளின் காருக்கு விமோசனம்" என்று தலைப்புப் போட்டவர்கள் இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

மத்திய வரியோடு கதை முடிந்தால் பரவாயில்லை. ஊரில் பெற்றோருக்குக் கார் வாங்க இங்கிருந்து பணம் அனுப்புபவர்கள் பலர் ஷோரூம் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து கையில் வண்டி வரும் ஆன்ரோடு விலை வேறு. சாலை வரி மாநிலத்தின் கையில். தமிழ்நாடு 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தியது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி மேற்பட்ட தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். 9.9 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,28,700. 10.1 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது! 10 லட்சத்தைத் தாண்டினால் விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியான டிசிஎஸ் ஒரு சதவீதம் வேறு. அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் வாங்கும் நாளில் கையிலிருந்து போகிற பணம்தானே. 9,99,000 என்ற விலையில் இத்தனை வேரியன்ட்கள் குவிந்து கிடப்பது இதனால்தான். சன்ரூஃப் வைத்த வேரியன்ட் வேண்டும் என்று ஒரு படி மேலே போகிறவர் சன்ரூஃபுக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை.

பிறகு காப்பீடு. 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை (பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) முதல் நாளிலேயே எடுத்தாக வேண்டும். 1000 முதல் 1500 சிசி வரை அதற்கு 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சொந்தச் சேதக் காப்பீடு அதற்கு மேல். விலை குறைந்த காருக்குத்தான் இந்தச் சில்லறைச் செலவுகள் கனமாகத் தெரியும். (புதுச்சேரியில் பதிந்தால் வரி குறைவு என்று யோசனை சொல்பவர்களை நம்ப வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். "இங்க பத்து வருஷம் முடியப் போற காரை ஊருக்கு அனுப்ப முடியுமா?" என்ற கேள்வியும் அடிக்கடி வரும். முடியாது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இந்தியா உள்ளே விடுவதில்லை. விடுகிறவற்றுக்கும் வரி காரின் விலையைத் தாண்டும்.)

அடிப்படை விலையே ஏன் ஏறியது என்பதற்கு விதிமுறைகளைப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ், ஜூலையில் ஓட்டுநருக்கு ஏர்பேக், 2022க்குள் முன்னால் இருவருக்கும். 2020 ஏப்ரல் 1இல் புகை மாசு விதி பாரத் ஸ்டேஜ் 4இலிருந்து 5ஐத் தாண்டி நேராக 6. இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாலையில் சாகும் மக்களுக்கும் டெல்லிக் காற்றுக்கும் இவை தேவை. ஆனால் ஏர்பேக், சென்சார், கேட்டலிஸ்ட் எல்லாம் 4 லட்சம் ரூபாய்க் காருக்கும் 15 லட்சம் ரூபாய்க் காருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை. கீழ்ப்படியில்தான் அது விலையைச் சதவீதத்தில் தூக்கிவிடுகிறது. அந்தப் படியில் நிற்பவரின் சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை. ஆல்ட்டோ வகைக் கார்கள் தேய்ந்து, எஸ்யூவியும் எம்பிவியும் சந்தையில் பாதியைத் தாண்டியதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ரசனை மாற்றம். எனக்கு அது பாதிக் காரணம்தான். சின்னக் காரை வாங்க வேண்டியவர் சந்தைக்கே வரவில்லை என்பது மறுபாதி.

டீசலுக்கு நேர்ந்ததும் இதே கதை. டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்த காலத்தில் பெட்ரோலுக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருந்தது. உச்சத்தில் விற்பனையில் பாதி டீசல். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு போனது, இடைவெளி சுருங்கியது. பாரத் ஸ்டேஜ் 6க்கான துகள் வடிகட்டியைச் சின்ன டீசல் எஞ்சினில் மாட்டினால் அந்தச் செலவை மைலேஜில் மீட்க முடியாது. மாருதி 2020இல் டீசலைக் கைவிட்டது. அந்த இடத்துக்கு அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவான சிஎன்ஜி வந்தது.

சிஎன்ஜி லாபமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 18 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 5.55. சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், 25 கிலோமீட்டர் என்றால் 3.60. மிச்சம் 1.95. கூடுதல் விலை 95,000 என்று வைத்தால் அதை எடுக்கச் சுமார் 49,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருடம் 12,000 ஓட்டுகிற வீட்டுக்கு நான்கு வருடம், டாக்சிக்கு ஒரு வருடத்துக்குள். டிக்கியைச் சிலிண்டர் தின்றுவிடும். ஒரு பெரிய சிலிண்டரை இரண்டு சிறியதாக்கித் தரைக்குக் கீழே படுக்க வைத்து டாடா 2023இல் அதற்கு வழி கண்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை கட்டாயம், பழைய சிஎன்ஜி கார் வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். பங்க் பக்கத்தில் இல்லாத ஊரில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

இனிக் கடன். 8 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி. ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 16,600. ஏழு வருடத்துக்கு 12,870. மொத்தத்தில் ஏழு வருடக்காரர் 85,000 கூடுதலாகக் கட்டுகிறார், ஆனாலும் மாதம் 3,700 குறைவதால்தான் அவரால் வாங்கவே முடிகிறது. மலேசியாவில் ஒன்பது வருடம் வரை தவணை கிடைக்கும். அங்கே உள்ளூர் மலிவுக் காரான பெரோடுவா வீடுதோறும் நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு. சிங்கப்பூர் எதிர்த்திசை: ஏழு வருடத்துக்கு மேல் இல்லை, பொதுச் சந்தை மதிப்பு (உள்ளூர் வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) 20,000 வெள்ளிக்கு மேல் போனால் விலையில் 60 சதவீதம்தான் கடன். இந்தியாவில் சிக்கல் வேறு மாதிரி. பைக் ஓட்டும் கடைக்காரர், மேஸ்திரி, பால்காரர் இவர்களிடம் சம்பளச் சீட்டு கிடையாது. வங்கி தயங்குகிற இடத்தில் நிதி நிறுவனங்கள்தான் கடன் கொடுத்தன. 2018 செப்டம்பரில் ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பித் தரத் தவறியதும் அந்த நிறுவனங்களுக்கே பணம் கிடைக்காமல் போனது, 2019இல் கார் விற்பனை சரிந்தது. ஒரே வருடத்தில் மக்களின் ஆசை வற்றிவிடவில்லை, கடன்தான் வற்றியது.

விலையைக் குறைத்தால் மட்டும் போதும் என்றால் டாடா நானோ வென்றிருக்க வேண்டும். 2008இல் ஒரு லட்சம் ரூபாய் என்று காட்டப்பட்டது. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் ஆலை நிலப் பிரச்சினை, குஜராத்தின் சனந்துக்கு இடமாற்றம், சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகள் என்று அடிமேல் அடி. ஆனால் பெரிய அடி "மிக மலிவான கார்" என்ற முத்திரை. அதே காசுக்குப் பழைய மாருதி 800 கிடைத்தது. அது காராகத் தெரிந்தது. இன்றும் முதல் கார் வாங்குபவரின் உண்மையான ஷோரூம் பழைய கார்ச் சந்தைதான். அது புதிய கார்ச் சந்தையைவிடப் பெரியது, செய்தியில் வருவது குறைவு. டெல்லி வட்டாரத்தில் 10 வருட டீசல், 15 வருடப் பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தபோது அங்கிருந்து கிளம்பியவை பிற மாநிலங்களில் மலிவாக இறங்கின.

கடைசியாக, மாதாந்திர விற்பனைச் செய்தியை எப்படிப் படிப்பது என்று. உற்பத்தியாளர் சங்கமான சியாம் தருவது ஆலையிலிருந்து டீலருக்குப் போன எண்ணிக்கை. டீலர் கூட்டமைப்பான ஃபாடா தருவது வாடிக்கையாளர் பெயரில் பதிவான எண்ணிக்கை. ஆடி மாதத்தில் தமிழ்நாட்டிலும் மகாளய பட்சத்தில் வடக்கிலும் பதிவு படுக்கும், ஆனால் தீபாவளியை நம்பி ஆலைகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். முதல் எண் ஏறி இரண்டாவது எண் இரண்டு மூன்று மாதம் பின்தங்கினால் வண்டிகள் டீலர் யார்டில் வெயில் காய்கின்றன என்று பொருள். தள்ளுபடி அதற்குப் பிறகுதான் வரும், பெரும்பாலும் டிசம்பரில். அப்போது வாங்கினால் சேசிஸ் எண்ணைக் கொண்டு உற்பத்தி மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து மாதம் யார்டில் நின்ற வண்டிக்கு பேட்டரியும் டயரும் பார்க்க வேண்டும். ஜனவரி பிறந்ததும் மறுவிற்பனையில் அது ஒரு வயது கூடிய கார், தள்ளுபடி அந்த இழப்பைவிட அதிகமாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.