உப்புக்காற்றும் உரிம எச்சரிக்கையும்
மண்டபத்தில் கடலோரமாகக் குடியிருக்கும் எனக்கு, மீன் கணக்கு எழுதுவதற்கென்று முறையாகப் பில் போட்டு வாங்கிய பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. உப்புக்காற்று அதன் மதர்போர்டை அரித்துவிட்டதால் வேறொரு போர்டைத் தேடிப்பிடித்து மாற்றினேன். அன்று தொடங்கியது வினை. உரிமத்தை வன்பொருளின் அடையாளத்தோடு பிணைத்து வைத்திருக்கும் இயங்குதளம், போர்டு மாறியதும் இது வேறு கணினி என்று முடிவுகட்டி, திரையின் பின்னணியைக் கறுப்பாக்கி, இந்த நகல் அசலானது அல்ல என்று வலது கீழ்மூலையில் எழுதி வைத்துவிட்டது. காசு கொடுத்தவன் வீட்டுக்குள்ளேயே அவனைத் திருடன் என்று நோட்டீஸ் ஒட்டுவது என்ன நியாயம்?

மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் விசைப்படகுகள்கூட ஓய்வெடுக்கின்றன. இந்த எச்சரிக்கைக்கு ஓய்வே கிடையாது.

உரிமத்தை நிரூபிக்கப் பெட்டியில் ஒட்டியிருந்த 25 எழுத்துக் குறியீடு ஈரத்தில் பாதி அழிந்து, எட்டா, ஆங்கிலப் 'பி'யா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தும் புலப்படவில்லை. போதாக்குறைக்கு, போர்டிலுள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டதால், மின்சாரம் போய்வரும் போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே ஓடிவிடுகிறது. தேதி பிசகினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணையவழிச் சரிபார்ப்பும் கைவிரிக்கிறது.

உரிமத்தை உறுதிசெய்ய அப்போது மிஞ்சியிருந்தது தொலைபேசி வழிதான். திரையில் தோன்றும் 54 இலக்கங்களை, ஆறு ஆறாக, ஒரு பதிவுக்குரலுக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது. எட்டாவது தொகுதியில் சிக்னல் போய்விட்டது.